கடையும் காட்டுயிரும்: மொரிஷியஸ் வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரோஸ் ஹில், கத்ர்போர்ன் வட்டாரத்தில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜூன் மாதம் கணக்கு முடிக்க உட்காரும்போது, "பறவை, ஆமை, காடு, இந்த மாதிரி ஏதாவது ஓர் அமைப்புக்கு நம் கடை பெயரில் உதவலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். புடவைக்கடை, ஹார்டுவேர், சமையல் காண்ட்ராக்ட், கெஸ்ட் ஹவுஸ் என்று அளவாகத் தொழில் நடத்துபவர்களுக்கு இது. பெரிய ஹோட்டல் குழுமங்களில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள்.

டோடோ போய் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இனிக் காப்பாற்ற இங்கே என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. 1974-இல் மொரிஷியஸ் கெஸ்ட்ரல் வல்லூறு காட்டில் நான்கே நான்குதான் மிஞ்சியிருந்தன. எக்கோ கிளி 1980-களில் இருபதுக்கும் கீழே. இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் ஏறக்குறைய பத்து. இன்று புறா ஐந்நூறு அளவிலும் கிளி எழுநூறுக்கு மேலும் இருக்கின்றன. அரசின் தேசியப் பூங்காத் துறை, 1984-இல் தொடங்கிய மொரிஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன், ஜெர்சி தீவிலுள்ள டரல் அறக்கட்டளை ஆகியவை சேர்ந்து செய்த வேலை இது.

ஆனால் "காப்பாற்றியாயிற்று" என்று நினைத்துவிட வேண்டாம். புறாவுக்குக் காட்டுக்குள் இன்னமும் தீனி வைக்கிறார்கள். கூட்டுக்கு வரும் எலியைப் பிடிக்கிறார்கள். எண்ணிக்கையில் ஏறிவந்த கெஸ்ட்ரலே பிறகு மறுபடி சரிந்து, 2014-இல் அழியும் ஆபத்துள்ள பறவைகளின் பட்டியலுக்குத் திரும்பியது. நல்ல நிலையில் உள்ள பூர்விகக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை. அதனால் இந்தச் செலவு ஒரு வருஷத்தில் முடிகிற செலவு இல்லை. கடைக்காரர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கீழே வரும் பாதி பதில்கள் இதிலிருந்து வருபவை.

யாரிடம் போவது?

உங்கள் தொழில் எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் வேலை செய்பவர்களிடம். நிலத்துப் பறவை, ஊர்வன, செடிகொடி என்றால் நான் மேலே சொன்ன ஃபவுண்டேஷன். அலுவலகம் வக்வாவில் இருக்கிறது. மஹேபூர் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவருக்குக் கண்ணெதிரே இல் ஓ எக்ரெத் தீவு இருக்கிறது. 26 ஹெக்டேர்தான், ஆனால் கருங்காலி மரங்களும் ராட்சத ஆமைகளும் அங்கே உண்டு. ஃபவுண்டேஷனே வழிகாட்டி வைத்துச் சுற்றிக் காட்டுகிறது, அந்த டிக்கெட் பணம் பாதுகாப்பு வேலைக்குப் போகிறது. விருந்தினரை அங்கே அனுப்புவதே ஒரு கூட்டு முயற்சிதான், அதற்கு ஒரு ரூபாய் நன்கொடைகூடத் தேவையில்லை.

கடல் சார்ந்த தொழில் என்றால் ரீஃப் கன்சர்வேஷன், மொரிஷியஸ் மரைன் கன்சர்வேஷன் சொசைட்டி ஆகியவை இருக்கின்றன. தென்கிழக்குக் கரையில் எக்கோ-சூட் என்ற அமைப்பு இருக்கிறது. ஃபெர்னே பள்ளத்தாக்கிலும் ஷமரெலிலும் தனியார் நிலத்திலேயே காட்டை மீட்கிறார்கள்.

ஓர் அமைப்பு உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சங்கமாக இருந்தால் சங்கங்களின் பதிவாளரிடம் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கடைசி ஆண்டறிக்கையைக் கேளுங்கள், தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கணக்கைப் பார்த்ததும் நம்மவர்கள் முதலில் விரல் வைக்கும் இடம் சம்பளம். "இவ்வளவு சம்பளத்துக்கே போகிறதே!" என்பார்கள். காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி, காலையில் தீனி வைத்து, மரமேறிக் கூட்டைப் பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுக்காமல் எந்தப் பறவையைக் காப்பாற்றுவது? களத்தில் இருப்பவர்களுக்குப் போகும் சம்பளம் நல்ல செலவு. விருந்து, விழா, விமான டிக்கெட் என்ற தலைப்புகளில் தொகை பெருத்திருந்தால் மட்டும் காரணம் கேளுங்கள்.

சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணத்தை அப்படியே இதற்குக் கொடுத்துவிடலாமா?

அப்படியே முடியாது. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

2009-இல் வந்த சட்டப்படி கம்பெனிகள் தங்கள் வரிக்குரிய வருமானத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்க வேண்டும். முதலில் அந்தத் தொகையை எந்த அமைப்புக்குக் கொடுப்பது என்பதைக் கம்பெனியே முடிவு செய்தது. 2017-இலிருந்து அதில் ஒரு பகுதியை எம்.ஆர்.ஏ.வுக்கு, அதாவது வருவாய் ஆணையத்துக்கு, கட்ட வேண்டும் என்று ஆனது. 2019 முதல் அந்தப் பகுதி குறைந்தபட்சம் 75 சதவீதம். அது தேசிய அளவிலான அறக்கட்டளைக்குப் போய், அங்கிருந்து தொண்டு நிறுவனங்களுக்குப் பிரிக்கப்படுகிறது.

கணக்காகப் பார்ப்போம். வரிக்குரிய வருமானம் 1 மில்லியன் ரூபாய் என்றால் சி.எஸ்.ஆர். 20,000. அதில் 15,000 எம்.ஆர்.ஏ.வுக்கு. உங்கள் கையில் நிற்பது 5,000. "சி.எஸ்.ஆர். இருக்கிறதே, ஒரு காட்டையே தத்தெடுக்கலாம்" என்று கிளம்பியவர்களுக்கு இந்த 5,000-ஐக் காட்டும்போது முகம் வாடிவிடும். வாட வேண்டியதில்லை. ஆனால் நடுத்தரக் கடைக்குச் சி.எஸ்.ஆர். ஒரு தொடக்கம் மட்டும்தான், உண்மையான பங்களிப்பு வேறு பையிலிருந்துதான் வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கையில் நிற்கும் தொகையையும் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. சுற்றுச்சூழல் அனுமதிக்கப்பட்ட துறைகளில் ஒன்று, அது நமக்குச் சாதகம். விளம்பரத்துக்கான ஸ்பான்சர், மதக் காரியம், கட்சி அரசியல், சொந்த ஊழியர் நலன் ஆகியவற்றுக்குச் சி.எஸ்.ஆர். செல்லாது. பெறும் அமைப்பு அந்தத் தேசிய அறக்கட்டளையின் பதிவில் இருக்கிறதா என்பதையும் முன்பே பாருங்கள்.

2024-இல் வந்த காலநிலை வரியும் 2 சதவீதம்தான் என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அது ஆண்டு விற்றுமுதல் 50 மில்லியனைத் தாண்டிய கம்பெனிகளுக்கு. சி.எஸ்.ஆரோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விதி மாறுவதால், செக் எழுதும் முன் உங்கள் கணக்கரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

என் கடை கம்பெனியே இல்லை, சொந்தப் பெயரில் நடத்துகிறேன்.

அப்படியானால் சி.எஸ்.ஆர். கடமையே உங்களுக்கு இல்லை. கொடுப்பது முழுக்க உங்கள் விருப்பம்.

பணமாக இல்லாமல் பொருளாகக் கொடுக்கலாமா?

தாராளமாக. சின்னக் கடைகளுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம், ஏனென்றால் உங்கள் கொள்முதல் விலைக்கு அந்த அமைப்பால் வாங்க முடியாது.

இளஞ்சிவப்புப் புறாவுக்கு வைக்கும் தீனி கோதுமையும் உடைத்த சோளமும். தானிய வியாபாரிக்கு இதைவிடப் பக்கத்தில் என்ன உதவி இருக்க முடியும்? கெஸ்ட்ரலும் கிளியும் மரப்பெட்டிக் கூடுகளில் முட்டையிடுகின்றன. பழைய பெரிய மரங்கள் குறைந்துவிட்டதால் பொந்து கிடைப்பதில்லை. தச்சுப் பட்டறைக்காரர் அளவு வாங்கிப் பெட்டி செய்து தரலாம். ஹார்டுவேர் கடையில் கம்பிவலை, பைப், பெயிண்ட், ஆணி. கராஜ் வைத்திருப்பவர் அவர்களுடைய ஜீப்பை லேபர் வாங்காமல் சர்வீஸ் செய்யலாம். காட்டுப் பாதையில் ஓடும் வண்டிக்கு எவ்வளவு செலவாகும் என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அச்சகத்துக்காரர் பலகை, கையேடு அடித்துத் தரலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விற்காமல் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும் இடமாக அதை ஆக்காதீர்கள். பூச்சி விழுந்த சோளம் புறாவுக்கும் ஆகாது. என்ன வேண்டும், எந்தத் தரத்தில், எந்த மாதத்தில் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். கொடுத்த பொருளுக்கு மதிப்புப் போட்டு ரசீதும் வாங்குங்கள்.

ஒரே தடவை பெரிய தொகையா, மாதாமாதம் சிறு தொகையா?

மாதாமாதம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

பெரிய செக்கோடு போட்டோ எடுத்தால் பேப்பரில் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தொகையை நம்பி ஓர் ஆளை வேலைக்கு எடுக்க அவர்களால் முடியாது, அடுத்த வருஷம் நீங்கள் வருவீர்களா என்று தெரியாதே. 60,000 ரூபாயை ஒரே நாளில் கொடுப்பதைவிட, மாதம் 1,000 வீதம் ஐந்து வருஷம் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் அதை வைத்துத் திட்டம் போடுவார்கள். தொகை ஒன்றுதான். புறாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும், வியாபாரம் டல்லடிக்கும் பிப்ரவரியிலும் பசிக்கும். வியாபாரம் விழுந்தால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. அதனால் நல்ல மாதத்தை வைத்துத் தொகையை முடிவு செய்யாமல், மோசமான மாதத்தில்கூடக் கஷ்டமில்லாமல் கட்டக்கூடிய தொகையைச் சொல்லுங்கள்.

"ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு காட்டுயிருக்கு" என்று போர்டு வைக்கலாமா?

வைக்கலாம், தொகையைச் சொல்லி வையுங்கள். "லாபத்தில் ஒரு பகுதி" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. லாபமே வராத மாதத்தில் பகுதியும் பூஜ்யம்தானே? "இந்தப் பையை வாங்கினால் 10 ரூபாய் இன்ன அமைப்புக்கு" என்று எழுதினால் வாடிக்கையாளரே கணக்குப் போட்டுக்கொள்வார். மாதக் கடைசியில் எத்தனை பை விற்றது, எவ்வளவு அனுப்பினோம் என்பதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அமைப்பின் பெயரையோ சின்னத்தையோ போடும் முன் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அப்புறம், விளம்பரத்துக்காகச் செய்ததை விளம்பரச் செலவிலும், நன்கொடையை நன்கொடையிலும் எழுதுங்கள். கலந்து எழுதினால் எம்.ஆர்.ஏ. கேள்வி கேட்கும்போது கஷ்டம்.

வருஷா வருஷம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் காலண்டரில் முருகன் படத்தோடு நம் ஊர்ப் பறவையையும் போடலாம் என்று பார்க்கிறோம்.

அருமையான யோசனை. ஒரு வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கும், வேறு எந்த விளம்பரம் அப்படி நிற்கும்?

படத்தை மட்டும் இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். உரிமைப் பிரச்சினை ஒருபுறம் இருக்கட்டும். பச்சைக்கிளி என்று தேடினால் வருவது பெரும்பாலும் இந்தியாவில் சாதாரணமாகப் பறக்கும் கழுத்து வளையக் கிளி. அது இங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகியது, பொந்துக்காக எக்கோ கிளியோடு போட்டி போடுகிறது. எக்கோ கிளிக்கு நிதி திரட்டும் காலண்டரில் அதன் எதிராளியின் படம் அச்சாகிவிடக் கூடாது. அமைப்பிடமே படம் கேளுங்கள், அச்சுக்குப் போகும் முன் அவர்களிடமே காட்டுங்கள்.

ஊழியர்களை ஒரு நாள் கூட்டிப்போய் மரம் நடலாமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மரம் நடுவதுதான். நடுவதைவிடப் பிடுங்குவதுதான் இங்கே பெரிய வேலை. பூர்விகக் காட்டை மூடி வளர்ந்து, இளம் நாற்றுகளை எழவிடாமல் செய்வதில் முதலிடம் சீனக் கொய்யாவுக்கு. ஆமாம், சீசனில் ப்ளேன் ஷாம்பாஞ் பக்கம் குடும்பத்தோடு போய்ப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்கிறோமே, அதேதான். அதை வெட்டி எடுத்துத் தொடர்ந்து கண்காணித்தால், நட்டதைவிட அதிகமாகப் பூர்விக மரங்கள் தானாகவே முளைத்து வரும்.

இருபது பேர் ஒரு காலைப்பொழுது வேலை செய்தால் பாதி நேரம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே போகும். ஆகவே அந்த நாளின் செலவையும், வழிகாட்ட வரும் ஆளின் கூலியையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். செருப்பு, பை எல்லாவற்றையும் உதறிச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும். விதை, எறும்பு, பல்லி இவையெல்லாம் அப்படித்தான் பயணம் செய்கின்றன. ரௌண்ட் தீவுக்கு அழைத்துப் போகச் சொல்லிக் கேட்காதீர்கள், அது பொதுமக்களுக்கு மூடப்பட்ட காப்பகம்.

அண்ணே, என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் லிச்சி, மாம்பழம் வளர்ப்பவர்கள். வௌவாலைக் காப்பாற்றும் அமைப்பின் பெயரைப் போட்டால் கடைக்கு வருவார்களா?

எனக்கு வந்ததிலேயே நேர்மையான கேள்வி இது. பழந்தின்னி வௌவால் விஷயத்தில் தீவே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தோட்டக்காரர்கள் சொல்லும் நஷ்டம் பொய்யில்லை, நவம்பரில் ஒரே இரவில் ஒரு மரம் காலியாவதைப் பார்த்தவர்கள் அவர்கள். 2015-இலும் 2016-இலும் அரசே பல்லாயிரக்கணக்கில் வௌவால்களைக் கொன்றது. 2018-இல் இந்த வௌவால் அழியும் ஆபத்துள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. பூர்விக மரங்கள் பலவற்றின் விதையைப் பரப்புவது இதுதான் என்பதால் ஆய்வாளர்கள் கொதித்தார்கள். கொன்ற பிறகும் பழச்சேதம் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் தோட்டக்காரரும் யோசிக்க வேண்டிய இடம்.

இங்கே கடைக்காரருக்கு ஒரு நல்ல வேடம் கிடைக்கிறது: வலை. வலைக்கு அரசு மானியம் தந்திருக்கிறது. ஆனால் வலையைச் சரியாகக் கட்டத் தெரிய வேண்டும். மரத்தின் மேல் தளர்வாகப் போர்த்தினால் வௌவால் சிக்கிச் செத்துத் தொங்கும், பழமும் வெளியே தள்ளி நிற்பதால் போய்விடும். சட்டகம் அடித்து இறுக்கிக் கட்டினால் இரண்டுமே தப்பிக்கும். கவாத்து செய்து மரத்தைக் குட்டையாக வைத்தால் வலைச் செலவும் குறையும். ஹார்டுவேர் கடை ஒன்று பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து சீசனுக்கு முன் ஒரு செய்முறை விளக்கம் வைத்து, வலையைக் கொள்முதல் விலைக்குக் கொடுத்தால், தோட்டக்காரர் அதைத் தனக்கு எதிரான வேலையாகப் பார்க்க மாட்டார். "வௌவாலைக் காப்போம்" என்று போர்டு வைக்காமல் "பழத்தைக் காக்கும் வலை" என்று வைத்துப் பாருங்கள்.

கோவிலுக்குக் கொடுப்பதைக் குறைத்துவிட்டுப் பறவைக்குக் கொடுக்கிறான் என்று பேசுவார்களே?

பேசுவார்கள். குறைக்காதீர்கள். காவடிக்கு எப்போதும் கொடுப்பதைக் கொடுத்துவிட்டு, இதைத் தனியாக வையுங்கள். முன்பே சொன்னபடி கோவில் காரியத்துக்குச் சி.எஸ்.ஆர். செல்லாது என்பதால், இரண்டும் ஒரே பையிலிருந்து வரப்போவதும் இல்லை. கோவில் சங்கத்தையே சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. தலவிருட்சம் வைத்துக் கும்பிடும் நமக்கு, கோவில் வளாகத்தில் இந்தத் தீவின் மரம் ஒன்றை நட்டுப் பராமரிப்பதில் என்ன தயக்கம்? நாற்று எங்கே வாங்குவது என்று மட்டும் அமைப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்னதானத்துக்கு ஏழு கறி சமைத்துத் தரும் ஒருவர், களப்பணியாளர்களுக்கு வாரம் ஒரு நாள் சாப்பாடு கட்டித் தரலாமா என்று கேட்டார். தரலாம், நல்லா இருக்கும்.

எண்ணெய்க் கப்பல் விபத்து மாதிரி அவசரத்தில் என்ன செய்வது?

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவேன்த் தெஸ்னியில் பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி எண்ணெய் கசிய ஆரம்பித்தது. கடலில் கலந்தது ஏறத்தாழ 1,000 டன். மஹேபூர் கரையில் ஜனங்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து, காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டி, மிதக்கும் தடுப்பு செய்தார்கள். துணியும் கயிறும் கத்தரிக்கோலும் கடைகளில் இருந்துதான் வந்தன. இல் ஓ எக்ரெத்தில் இருந்த நாற்றுகளையும் சில உயிரினங்களையும் அவசரமாக வேறிடத்துக்கு மாற்றினார்கள்.

அன்றைக்கு வேகமாக உதவ முடிந்தது யாருக்கு என்றால், யாரை அழைப்பது, என்ன தேவை என்று முன்பே தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு. உங்களிடம் லாரி, குளிர்சாதன அறை, ஜெனரேட்டர், படகு ஏதாவது இருந்தால், "அவசரத்துக்கு இதைத் தருவேன்" என்று இப்போதே எழுதிக் கொடுத்து வையுங்கள். நவம்பரிலிருந்து புயல் காலம் வேறு.

நம் தொழிலே இயற்கையைக் கெடுக்கிறது என்றால் நன்கொடை கொடுப்பது வேஷம்தானே?

வேஷம்தான், தொழிலை அப்படியே விட்டுவிட்டால். படகுக்காரர் ஒருவர் பவளத்தின் மேல் நங்கூரம் போட்டுக்கொண்டு, பவளப் பாதுகாப்புக்கு நன்கொடை கொடுப்பதில் அர்த்தமில்லை. நிலையான மிதவையில் படகைக் கட்டினாலே பவளம் பிழைக்கும். ரீஃப் கன்சர்வேஷன் செய்யும் வேலைகளில் அந்த மிதவைகளைப் போடுவதும் ஒன்று. டால்ஃபின் பார்க்கக் கூட்டிப்போகும் ஆட்களைப் பரிந்துரைக்கும் கெஸ்ட் ஹவுஸ்காரர், கூட்டத்தைத் துரத்தாமல் தள்ளி நிறுத்துபவரை மட்டும் பரிந்துரைக்கலாம். முதலில் இதைச் செய்யுங்கள், செலவும் இல்லை.

எழுத்து ஒப்பந்தம் தேவையா? தெரிந்தவர்கள்தானே?

தெரிந்தவர்கள் என்பதால்தான் தேவை. இரண்டு பக்கம் போதும். எவ்வளவு, எவ்வளவு காலம், எதற்கு, பெயரையும் படத்தையும் யார் எங்கே பயன்படுத்தலாம், வருஷத்துக்கு எத்தனை அறிக்கை, விலக விரும்பினால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும். "எதற்கு" என்ற இடத்தை ரொம்ப இறுக்கிவிடாதீர்கள். கிளிக்கு மட்டும் என்று எழுதிவிட்டால், அந்த வருஷம் ஜீப் படுத்துவிட்டால் உங்கள் பணத்தைத் தொட முடியாது, ஆள் கிளியிருக்கும் காட்டுக்கே போக முடியாது.

இதனால் எனக்கு என்ன லாபம்?

விற்பனை எகிறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கெஸ்ட் ஹவுஸ், டூர், டாக்சி போன்ற தொழில்களில் வெளிநாட்டு விருந்தினர் இதைக் கவனிக்கிறார்கள். புடவைக்கடையில் யாரும் கவனிக்க மாட்டார்கள், அங்கே நீங்கள் பிடித்துத்தான் செய்ய வேண்டும்.

சரி, எப்போது, எப்படிப் பேச ஆரம்பிப்பது?

பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கக் கடிதம். தொழில் என்ன, மாதம் எவ்வளவு முடியும், பொருளாக என்ன தர முடியும், எத்தனை வருஷம், அவ்வளவுதான். "உங்களுக்கு இப்போது எது அதிகம் தேவை?" என்று கடைசியில் கேளுங்கள். கெஸ்ட்ரலும் கிளியும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஏறக்குறைய செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை. அந்த மாதங்களில் ஆட்கள் காட்டிலேயே கிடப்பார்கள், பதில் தாமதமாகும். மே, ஜூன் மாதங்களில் எழுதினால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும், உங்கள் கணக்கு முடிப்பதற்கும் அது தோதாக அமையும்.